எடை ஏறவில்லை என்கிறாயே

திருச்சி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும் லேப் ரிப்போர்ட்டும் கிடைத்தன. வேலையை விட்டு வந்த லேப் டெக்னீஷியனுக்கு ரிப்போர்ட்டை அனுப்பி "சும்மா ஒரு பார்வை பார்" என்று எழுதினால் அவன் சும்மா பார்ப்பானா? இங்கே எல்லோரும் சௌக்கியம். மூத்தவன் ஓசூருக்கு மாற்றலாகிப் போய்விட்டான். சம்பத் மாடி எடுத்துக் கட்டுகிறான், மணல் விலையைச் சொல்லியே போவோர் வருவோரை எல்லாம் நிறுத்திவைக்கிறான். மற்ற ஊர்க்கதை அப்புறம்.

வெறும் வயிற்றில் சர்க்கரை 108. மூன்று மாத சராசரி (ஹெச்.பி.ஏ.1சி.) 6.0 சதவீதம். "பார்டர்தான், காலேஜில் இருந்த அதே 60 கிலோதான் இப்பவும், எடையே ஏறாதவனுக்கு சுகர் எங்கிருந்து வரும்" என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை பக்கம் எழுத உட்கார்ந்தேன்.

புனேயில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியிருக்கிறாய், கே.இ.எம். மருத்துவமனை வழியாகப் போகாமல் இருந்திருக்க மாட்டாய். அங்கே டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் என்று ஒருவர். 2004இல் லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகையில் ஒரு போட்டோ வந்தது. யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின் என்ற டாக்டரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். உயரத்துக்கு எடை கணக்கிடும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றே: 22.3. எந்த டாக்டரிடம் காட்டினாலும் "நார்மல்" என்று சொல்லி அனுப்பிவிடுகிற எண். ஆனால் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் வெள்ளைக்காரர் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், நம்மாள் உடம்பில் 21.2. சட்டையைப் போட்டுக்கொண்டால் இருவரும் ஒல்லி. ஒருவர் உடம்பில் மட்டும் இரண்டு பங்குக்கு மேல் கொழுப்பு. என்னைக் கேட்டால் இந்தப் படத்தைப் பெரிதாக்கி எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் எடை மெஷினுக்கு மேலே மாட்டவேண்டும்.

அதற்கு முன்பே யாஜ்னிக் இன்னொரு வேலையும் தொடங்கியிருந்தார். 1993இல் ஆரம்பித்து, புனேவைச் சுற்றியிருக்கும் ஆறு கிராமங்களில் பெண்களைக் கருவுறும் முன்பிருந்தே தொடர்ந்து கவனித்தார்கள். பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். அங்கே சராசரி எடை 3.5 கிலோ, இங்கே 2.7. குறைந்த எண்ணூறு கிராமும் எங்கே குறைந்தது என்பதுதான் விஷயம். கை மெலிந்திருந்தது, வயிறு சிறுத்திருந்தது, தசை இல்லை. முதுகில் தோளெலும்புக்குக் கீழே தோலைக் கிள்ளி அளந்த கொழுப்பு மட்டும் ஏறக்குறைய வெள்ளைக்காரக் குழந்தை அளவுக்கே இருந்தது. பாதிப்பட்டினி கிடந்த தாயின் வயிற்றிலிருந்தே நம் பிள்ளை ஒல்லிக் குண்டாகத்தான் வெளியே வருகிறது. நீயும் நானும் ஐம்பதுகளில் எந்த அரிசியைச் சாப்பிட்ட அம்மாக்களுக்குப் பிறந்தோம் என்று யோசித்துப் பார்.

இதைச் சொல்கிறபோது சுதா ஞாபகம் வருகிறது. ஐந்தாம் மாதம் முடிகிறது என்றாயே. 24 வாரம் ஆனதும் 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கச் சொல். 140க்குக் கீழே இருக்கவேண்டும். தமிழ்நாட்டில் கர்ப்பிணிகள் எல்லோருக்கும் இந்தச் சோதனை செய்யவேண்டும் என்று 2007இலேயே ஆணை வந்துவிட்டது, அதற்காகப் பல வருஷம் வாதாடியவர் டாக்டர் வி. சேஷய்யா. வெறும் வயிற்றோடு வரவேண்டியதில்லை என்பதுதான் அவர் முறையில் பெரிய சௌகரியம். மசக்கையில் இருக்கிற பெண்ணைப் பட்டினி போட்டு பஸ் ஏற்றி வரவழைத்தால் இரண்டாம் தடவை வரமாட்டாள்.

சரி, உன் 60 கிலோவுக்கு வருவோம். தோலுக்கடியில் கொழுப்பு சேர்த்துவைக்க உடம்பில் இருக்கும் இடம் ஒரு நெற்குதிர் மாதிரி. சிலருக்குப் பெரிய குதிர், எவ்வளவு கொட்டினாலும் தாங்கும். நமக்கு வாய்த்தது சின்னது. நிரம்பியதும் மிச்சம் கூடத்தில் வழிகிறது, அதாவது ஈரலிலும் குடலைச் சுற்றியும். ஈரலில் கொழுப்பு ஏறினால் இன்சுலின் சொல்வதை அது கேட்காது. சாப்பிடாத நேரத்தில் தேவைக்கு மேல் சர்க்கரையை உற்பத்தி செய்து ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். வெறும் வயிற்றில் உனக்கு 108 காட்டியதே, ராத்திரி முழுக்க ஈரல் பார்த்த வேலையாக இருக்கும். ஈடுகட்ட கணையம் கூடுதல் இன்சுலின் சுரக்கும், முடிந்தவரை. நம் ஆட்களுக்கு அந்தக் கணையமும் சீக்கிரமே களைத்துப்போகிறது.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்னால் கண்ணால் பார்த்தவன். ரத்தத்தை சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி எடுத்தால் மேலே நிற்கும் சீரம் வைக்கோல் தண்ணீர் நிறத்தில் தெளிவாக இருக்கவேண்டும். சில டியூப்களில் பால் மாதிரி வெள்ளையாக நிற்கும், பின்னால் பிடித்த விரல் தெரியாது. டிரைகிளிசரைடு என்கிற ஒருவகைக் கொழுப்பு எகிறிப்போன ரத்தம் அது. 'லைபீமிக்' என்று ரிப்போர்ட்டில் ஒரு சொல் எழுதிவிட்டு அடுத்த டியூப்புக்குப் போவோம். ஆனால் ரத்தம் கொடுத்த ஆள் யார் என்று எட்டிப் பார்ப்பது எனக்கு வழக்கம். குண்டாக ஒருவர் உட்கார்ந்திருப்பார் என்றுதான் நினைப்பாய். பாதி நேரம் குச்சிக் கை, குச்சிக் கால், சட்டைக்குள் ஒரு சின்னத் தொப்பை, முப்பத்தைந்து வயது.

இப்படிச் சேர்ந்து வருகிற கோளாறுகளின் கூட்டத்துக்குத்தான் மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஜெரால்ட் ரீவன் என்ற அமெரிக்க டாக்டர் 1988இல் இவற்றில் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து வருகிறவை என்று எடுத்துச் சொன்னார். இப்போது பார்க்கிற பட்டியல் இது: இடுப்புச் சுற்றளவு, டிரைகிளிசரைடு 150 அல்லது மேலே, நல்ல கொழுப்பு ஆண்களுக்கு 40க்குக் கீழே, பிரஷர் மேலே 130 அல்லது கீழே 85ஐத் தொட்டால், வெறும் வயிற்றில் சர்க்கரை 100 அல்லது மேலே. ஐந்தில் மூன்று இருந்தால் நீ உள்ளே. சர்க்கரையில் ஏற்கெனவே டிக் அடித்துவிட்டாய். எடை இந்தப் பட்டியலிலேயே இல்லை, கவனித்தாயா?

இடுப்பு நமக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80. "நான் 32 சைஸ் பேண்ட்தான்" என்று ஆரம்பிக்காதே. தொப்பைக்குக் கீழே இறக்கிக் கட்டுகிற பேண்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபிறகு, வயிற்றை எக்காமல் டேப்பைச் சுற்று. 32 போடுகிறவர்களுக்கு அங்கே 37 அங்குலம் வந்து நான் பார்த்திருக்கிறேன். நமக்கு வரம்பு முப்பத்தைந்தரை.

"பார்டர்தானே" என்கிறாய். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு உன்னைப்போல பார்டரில் இருந்த 531 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2006இல் வெளியிட்டது. ஒன்றும் செய்யாமல் வழக்கம்போல விடப்பட்டவர்களில் மூன்றே வருஷத்தில் 55 சதவீதம் பேருக்கு முழு சர்க்கரை நோய் வந்துவிட்டது. இதேபோன்ற அமெரிக்க ஆய்வில் மூன்று வருஷத்தில் 29 சதவீதம்தான். நமக்கு இந்தக் கோட்டைத் தாண்டுகிற வேகம் அதிகம். ஆனால் தினம் வேக நடை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு என்று அடிக்கடி பேசி நினைவூட்டிய குழுவில் அது 39 ஆக இறங்கியது. மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை கொடுத்தவர்களுக்கும் ஏறத்தாழ அதே அளவு, இரண்டையும் சேர்த்தும் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்குப் பிடித்த பகுதி வேறு. நடந்து, சாப்பாட்டைத் திருத்தி நோயைத் தள்ளிப்போட்ட அந்த ஆட்களுக்கு எடை குறையவே இல்லை. உன் எடை மெஷின் அந்த மூன்று வருஷமும் அதே எண்ணைக் காட்டியிருக்கும், உள்ளே காரியம் நடந்திருக்கும்.

பிறகு அதே குழு இன்னொன்றும் செய்து பார்த்தது. வேலைக்குப் போகும் 537 ஆண்களில் பாதிப் பேருக்கு நட, இதைக் குறை என்று போனுக்கு எஸ்.எம்.எஸ். மட்டும் அனுப்பினார்கள். இரண்டு வருஷத்தில் அவர்களில் 18 சதவீதத்துக்கு சர்க்கரை, மற்றவர்களில் 27. குட் மார்னிங் ரோஜாப்பூ அனுப்புகிற நம் பேட்ச் குரூப்பில் இதைச் செய்தால் என்ன?

"ராத்திரி அரிசியே தொடுவதில்லை, சப்பாத்திதான்" என்று பெருமையாக எழுதியிருந்தாய். எத்தனை சப்பாத்தி என்று எழுதவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) நாடு முழுக்க நடத்திய இண்டியாப் என்ற சர்க்கரை நோய் ஆய்வின் சாப்பாட்டுக் கணக்கு 2025இல் வந்தது. நாம் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசிக்குப் பதில் முழுக்கோதுமை, சிறுதானியம் என்று ஆளை மட்டும் மாற்றினால் ஆபத்து குறைவதாகத் தெரியவில்லை. பருப்பு, பால், தயிர் என்று புரதத்துக்கு மாறினால் குறைகிறது. இங்கே தெருவுக்கு ஒரு சிறுதானியக் கடை வந்திருக்கிறது, வெல்லம் போட்டுத் தினை லட்டு விற்கிறான். சுகர்காரர்கள்தான் டஜன் கணக்கில் வாங்கிப் போகிறார்கள்! சோற்றைப் பாதியாக்கி, கூட்டையும் சுண்டலையும் இரண்டு மடங்காக்கு என்று சொன்னால் அதில் யாருக்கும் வியாபாரம் இல்லை.

அதே இண்டியாப் ஆய்வு 2023இல் சொன்ன கணக்குதான் என்னை அதிகம் உறுத்துகிறது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் 10.1 கோடி. பார்டரில் நிற்பவர்கள் 13.6 கோடி. இங்கே 2021இலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்று பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். நல்ல திட்டம், எதிர்வீட்டுப் பாட்டிக்கு ஆஸ்பத்திரி க்யூ மிச்சம். ஆனால் மாத்திரை ஆரம்பித்தவனுக்குக் கிடைக்கிற கவனிப்பு, ஆரம்பிக்கப்போகிற 13.6 கோடிப் பேருக்கு எங்கே கிடைக்கிறது? சீட்டின் ஓரத்தில் "டயட், வாக்கிங்" என்று இரண்டு சொல் எழுதித்தருவதோடு சரி. உனக்கும் அதுதானே எழுதித் தந்திருக்கிறார்கள்.

ரிப்போர்ட்டில் லிப்பிட் பக்கம், அதாவது ரத்தக் கொழுப்புக் கணக்கு, இல்லை. எடுக்கவில்லையா, எண்ணைப் பார்த்துவிட்டு அனுப்பாமல் வைத்துக்கொண்டாயா? டிரைகிளிசரைடும் பிரஷரும் இடுப்பளவும் எனக்கு வேண்டும், உன் டாக்டருக்கும் வேண்டும். வீட்டில் டேப் இல்லை என்று சாக்கு சொல்லாதே. கமலாவின் தையல் மெஷின் டிராயரில் இருக்கும். அளப்பதையும் அவளையே அளக்கச் சொல், நீ அளந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்வாய்.

அன்புடன்,
கோவிந்தன்