டெஃப்கான்ஃபிக்கில் காணாமல் போகும் வரிகள்

காட்பாடி, வேலூர்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். பாலாற்றில் இந்த வருஷம் கொஞ்சம் தண்ணீர் ஓடியது. பாலத்து மேல் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்க ஒரே கூட்டம். தங்கச்சி கேட்ட இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை ஓசூர் வருகிறவர்கள் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன்.

சரி, நீ கேட்ட விஷயம். உங்கள் போர்டில் (சின்னக் கணினிப் பலகையில்) ஓடும் லினக்ஸ் கர்னலின் டெஃப்கான்ஃபிக்கை, அதாவது இயங்குதளத்தின் அந்த மையப் பகுதியில் எந்தெந்த வசதி வேண்டும் என்று எழுதி வைக்கும் ஃபைலை, பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உனக்கு வந்திருக்கிறது. புதுப் பதிப்புக்கு மாறும்போது அந்த ஃபைலைத் தானாகச் சுருக்கி எழுதித் தரும் ‘மேக் சேவ்டெஃப்கான்ஃபிக்’ கட்டளையை ஓட்டி, வந்ததை அப்படியே கமிட் செய்தால் (மாற்றமாகப் பதிந்தால்) போதாதா என்கிறாய். போதாது மச்சான்.

அந்தக் கட்டளை ஏன் வந்தது என்று பார். 2010 வரை ஏ.ஆர்.எம். வகை பிராசசர் உள்ள போர்டு ஒவ்வொன்றுக்கும் முழு நீள கான்ஃபிக் ஃபைல் கர்னலுக்குள் கிடந்தது. ஒவ்வொரு பதிப்பிலும் வரி வரியாக மாறிக்கொண்டே இருக்கும். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பொறுமை இழந்து, எல்லாவற்றையும் தூக்கிவிடுவேன் என்றே சொல்லிவிட்டார். அப்புறம்தான் கர்னல் 2.6.36 பதிப்பில் சேவ்டெஃப்கான்ஃபிக் வந்தது. டிஃபால்ட்டிலிருந்து மாறுபடும் வரிகள் மட்டும் ஃபைலில் இருந்தால் போதும் என்று ஆனது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வரிகள் போயின. நல்ல காரியம்தான்.

ஆனால் ஒரு வரி மறைவதற்குக் காரணம் ஒன்றல்ல. அந்த ஆப்ஷன் இப்போது தானாகவே ‘ஒய்’ (ஆம், சேர்) ஆகியிருக்கலாம், அப்படியென்றால் கவலையில்லை. பெயர் மாறியிருக்கலாம், அல்லது புதிதாக ஒரு ‘டிபெண்ட்ஸ் ஆன்’ (இன்னொரு ஆப்ஷன் இருந்தால்தான் இது வரும் என்ற நிபந்தனை) சேர்ந்து அது நிறைவேறாமல் இருக்கலாம். அப்படியென்றால் அந்த வசதியே போய்விட்டது. பழையதையும் புதியதையும் ஒப்பிடும் டிஃப்பில் இரண்டும் ஒரே கழித்தல் குறியாகத்தான் தெரியும். பில்ட் சுத்தமாக முடியும், போர்டும் பூட் ஆகும்.

கர்னல் 5.14 பதிப்பில் நடந்ததைச் சொல்கிறேன். அதுவரை டி.ஆர்.எம். பக்கத்து (திரையைக் கையாளும் பகுதி) எஃப்.பி.டெவ் எமுலேஷனை, அதாவது பழைய திரை முறையான ஃப்ரேம்பஃபரைப் போல நடிக்கும் வசதியைப் போட்டாலே, ஃப்ரேம்பஃபருக்கான ஆப்ஷன் கான்ஃபிக்_எஃப்.பி. ‘செலக்ட்’ (தானாகச் சேர்க்கும் விதி) மூலம் கூடவே வந்துவிடும். ஒன்றையொன்று சுற்றிப் பிடிக்கும் சார்பு வேண்டாம் என்று அதை ‘டிபெண்ட்ஸ் ஆன்’ ஆக மாற்றினார்கள். சரியான மாற்றம்தான். ஆனால் எஃப்.பி. வரியைத் தனியாக எழுதியிராத டெஃப்கான்ஃபிக்குகளில் எமுலேஷன் சத்தமில்லாமல் அணைந்தது. திரையில் கன்சோல் வரவில்லை. ஐ.எம்.எக்ஸ். என்ற சிப் உள்ள போர்டுகளுக்குத் திருத்தம் ஒரே வரி: கான்ஃபிக்_எஃப்.பி. ஒய்.

அதனால் சேவ்டெஃப்கான்ஃபிக் சுருக்கித் தரும் குட்டி ஃபைலை மட்டும் நான் நம்புவதில்லை. பழைய கர்னல் மூல நிரலிலும் புதியதிலும் எல்லா ஆப்ஷனும் உள்ள முழு டாட் கான்ஃபிக் ஃபைலை உருவாக்கி, ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் ‘டிஃப்கான்ஃபிக்’கால் ஒப்பிடுவேன். காணாமல் போன ஒவ்வொன்றையும் ஆப்ஷன்களை மெனுவாகக் காட்டும் மெனுகான்ஃபிக்கில் சாய்கோடு தட்டித் தேடினால், எந்தச் சார்பு நிறைவேறவில்லை என்று அங்கேயே தெரியும். நேரம் பிடிக்கும், ஆனால் குறுக்குவழி இல்லை. கமிட்டையும் இரண்டாகப் பிரி. வரிகள் இடம் மாறுவது ஒன்றில். நிஜமாகவே சேர்ப்பதும் எடுப்பதும் இன்னொன்றில், காரணத்தோடு. இன்னொன்று: ரூட் ஃபைல்சிஸ்டம் (கணினியின் முதன்மை ஃபைல்கள்) இருக்கும் சேமிப்பகத்தை இயக்கும் டிரைவரை, இனிட்ராம்எஃப்எஸ் (பூட் ஆகும்போது முதலில் நினைவகத்தில் ஏறும் குட்டி ஃபைல்சிஸ்டம்) இல்லையென்றால், மாட்யூலாக (பிறகு தனியே ஏற்றும் துண்டாக) விடாதே.

ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் இடத்தில் எங்கள் போர்டு ஒன்று ஓடுகிறது. யூ.எஸ்.பி. சீரியல் வழியாக ஓட்ட அளவு வருகிறது. அங்கே இருப்பவர் மெனுகான்ஃபிக்கைப் பார்த்ததே இல்லை, பார்க்க வேண்டியதும் இல்லை. அவருக்காக முடிவெடுப்பது நாம் எழுதும் இந்த ஃபைல்தான். அந்த யூ.எஸ்.பி. சீரியல் டிரைவர் வரி போனால் அவருக்கு அளவு வராது. ஏன் என்று கண்டுபிடிக்க அவருக்கு வழியே கிடையாது. இந்த வேலையை யாரோ ஒருவர் கண் வைத்துச் செய்ய வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருப்பது அதனால்தான்.

உங்கள் பழைய, புது கான்ஃபிக் இரண்டையும் அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்து, சந்தேகப்பட வேண்டிய வரிகளைக் குறித்து அனுப்புகிறேன். அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

உன் நண்பன்