முதலில் எக்கோ, அப்புறம் புக்கிங்: பூனை ப்ரீடர்களுக்கு ஒரு திறந்த மடல்

எங்கள் ஊர்ப் பூனை ப்ரீடர் நண்பர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அறிவிப்பு வந்தது. அதே மெயின் கூன் இனத்து ஆண் பூனை, அதே சோபா, கீழே ‘மேட்டிங் முடிந்தது, புக்கிங் ஓப்பன்’. எந்தப் பூனை என்று பெயர் சொல்லத் தேவையில்லை, உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதன் குட்டி பவுன் என் வீட்டில் மூன்று வயதில் இதய நோயால் செத்ததும் தெரியும். கூடப்பிறந்த இன்னொன்று கருத்தடை அறுவைக்கு மயக்க மருந்து கொடுத்தபோது மேசையிலேயே போனதும் தெரியும். தெரிந்தும் புக்கிங் ஓப்பன்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். மேட்டிங்குக்கு விடும் முன் தாய், தகப்பன் இரண்டு பூனைக்கும் எக்கோ, அதாவது இதயத்துக்கான ஸ்கேன், எடுங்கள். மரபணுச் சோதனை இருக்கிற இனம் என்றால் அதையும் செய்யுங்கள். ரிப்போர்ட்டின் நகலைக் குட்டி வாங்குகிறவர் கையில் கொடுங்கள்.

எங்கள் பவுனுக்கு நடந்ததைப் பற்றி உங்களில் ஒருவர், “மேலேருந்து குதிச்சிருக்கும் மேடம், முதுகு அடிபட்டிருக்கும்” என்றார். முதலில் போன க்ளினிக்கிலும் அப்படித்தான் நினைத்து முதுகுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். ராத்திரி சமையலறையிலிருந்து ஓர் அலறல். பூனை அப்படிக் கத்தி அதுவரை நான் கேட்டதில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், முன்னங்கால் இரண்டையும் ஊன்றி உடம்பை இழுத்துக்கொண்டு வருகிறான், பின்னங்கால்கள் துணி மாதிரிப் பின்னால் வருகின்றன. தொட்டால் ஜில்லென்று இருந்தன. ரோஜா நிறத்தில் இருக்கும் பாதங்கள் நீலம் பாரித்துக் கிடந்தன. இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் தொடை இடுக்கில் விரல் வைத்து நாடி பார்த்தார், இல்லை. முன்னங்கால் நகம் ஒன்றைக் கொஞ்சம் ஒட்ட வெட்டினார், ரத்தம் துளிர்த்தது. பின்னங்காலிலும் அப்படியே வெட்டினார். ஒரு சொட்டுகூட வரவில்லை. அடிபட்ட முதுகுக்கு நகத்தில் ரத்தம் ஏன் நிற்க வேண்டும் என்று அந்த நண்பர் யோசித்திருந்தால், “அடுத்த குட்டியை டிஸ்கவுன்ட்ல தர்றேன்” என்று எனக்கு மெசேஜ் அனுப்பியிருக்க மாட்டார்.

இதயத்தின் இடது மேலறையில் உறைந்த ரத்தக்கட்டி, பெருந்தமனி வழியாக இறங்கி, அது கால்களுக்குப் பிரிகிற இடத்தில் வந்து அடைத்துக்கொண்டது. வலி தாங்க முடியாத வலி. உடல் சூடு 96 டிகிரிக்கு இறங்கியிருந்தது. பூனைக்கு 100-க்கு மேல் இருக்க வேண்டும். விடிவதற்குள் போய்விட்டான்.

உடலைக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோய்ப் பிரேதப் பரிசோதனை செய்யச் சொன்னோம். பூனைக்கு எதற்கு இதெல்லாம் என்று என் அம்மாவே கேட்டார். ரிப்போர்ட் வந்தபோது புரிந்தது. இடது கீழறையின் சுவர் தடித்திருந்தது. ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி, சுருக்கமாக ஹெச்.சி.எம். திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்ததில் இன்னொன்றும் எழுதியிருந்தது: இதயத் தசைக்குள்ளேயே ஓடும் சிறு தமனிகளின் சுவர்கள் தடித்து, நடுத்துளை அடைபடும் அளவுக்குச் சுருங்கியிருக்கின்றன, அவற்றைச் சுற்றித் தசை செத்துத் தழும்பாகியிருக்கிறது. நமக்கு வருகிற மாரடைப்பு பெரிய குழாயில் கொழுப்பு படிந்து அடைப்பதால் வருவது. அங்கே ஸ்டென்ட் வைக்கலாம். இது அப்படியில்லை. ஊருக்கெல்லாம் ரத்தம் அனுப்புகிற தசைக்கே ரத்தம் கொடுக்கும் நுண்ணிய குழாய்கள் உள்ளுக்குள்ளேயே ஒடுங்குகின்றன. ஸ்டென்ட் வைக்க அங்கே இடமே கிடையாது. தழும்பான தசை சரியாக விரியாது, அதனால் மேலறையில் ரத்தம் தேங்கி அந்த அறை பெருத்துவிடும், தேங்கிய ரத்தம் உறையும்.

இது அபூர்வ நோயும் இல்லை. பூனைகளுக்கு வரும் இதய நோய்களில் இதுதான் முதலிடம். நாட்டுப் பூனைக்கும் வரும், பெர்ஷியனுக்கும் வரும். ஆனால் மெயின் கூனில் இது குடும்ப நோய் என்பது 1999-இலேயே எழுதப்பட்டுவிட்டது. காரணமான ஒரு மரபணுப் பிறழ்வை 2005-இல் கண்டுபிடித்தார்கள். 2007-இல் ராக்டால் இனத்துக்கும் ஒன்று கிடைத்தது. கன்னத்தின் உட்பக்கம் பஞ்சுக்குச்சியால் தடவி அனுப்பினால் சோதித்துச் சொல்லிவிடுவார்கள். ஆய்வுகளில் பார்த்த மெயின் கூன்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்கு அந்தப் பிறழ்வு இருந்திருக்கிறது. தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து வந்த ஒரு பிரதி மட்டும் இருந்தால் பல பூனைகள் நன்றாகவே வாழ்ந்துவிடும், இரண்டு பிரதியும் சேர்ந்தால்தான் ஆபத்து அதிகம். அதாவது, எதை எதோடு சேர்க்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த முடிவை எடுப்பது பூனை இல்லை, நீங்கள்.

“டாக்டர் செக் பண்ணி ஃபிட்னு எழுதிக் கொடுத்திருக்கார்” என்பீர்கள். ஸ்டெதஸ்கோப்பில் வழக்கத்துக்கு மாறான சத்தம் எதுவும் கேட்காமலே இந்த நோய் இருக்கலாம். அப்படிச் சத்தம் கேட்கிற பூனை நல்லபடியாகவும் இருக்கலாம். எக்கோவில் கீழறைச் சுவரை அளக்க வேண்டும். 6 மில்லிமீட்டரைத் தொட்டால் நோய் என்கிறார்கள், 5-க்கும் 6-க்கும் நடுவே இருந்தால் சந்தேகம். மரபணுச் சோதனையில் தப்பித்த பூனைக்கும் வேறு காரணத்தால் இது வரலாம், இன்று சரியாக இருக்கிற சுவர் இரண்டு வருடம் கழித்துத் தடிக்கலாம். அதனால்தான் மேட்டிங்குக்கு விடும் பூனைக்கு வருடத்துக்கு ஒரு முறை எக்கோ என்று கேட்கிறோம். பூனை எக்கோ பார்க்கத் தெரிந்தவர்கள் நம் பக்கம் குறைவு, செலவும் அலைச்சலும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஒரு குட்டிக்கு லட்ச ரூபாய் வரை கேட்கிறவர்களுக்கு அந்தச் செலவு தாங்காதா?

முன்கூட்டியே தெரிந்திருந்தால் பவுனைக் காப்பாற்றியிருக்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மேலறை பெருத்திருப்பது தெரிந்தால், ரத்தம் கட்டியாவதைத் தடுக்க க்ளோப்பிடோக்ரெல் மருந்தை ஆரம்பித்திருப்பார்கள். மனிதர்கள் போடுகிற 75 மில்லிகிராம் மாத்திரையில் கால்வாசி, தினம் ஒரு வேளை. எந்த மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்கும். அமெரிக்காவில் 2025 மார்ச்சில், அறிகுறி தெரியாத கட்டத்தில் கொடுக்கிற ஒரு மாத்திரைக்கே நிபந்தனையோடு அனுமதி வந்திருக்கிறது. இங்கே எப்போது வருமோ. வந்தாலும் நோய் இருப்பது தெரிந்தால்தானே கொடுக்க முடியும்?

யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்பார்கள். பூனைக்கு விலை வந்துவிட்டது, ரீல்ஸ் வந்துவிட்டது, பிறந்தநாள் கேக்கும் வந்துவிட்டது. நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் 2017-இல் மத்திய அரசு தனி விதிகள் போட்டது, பூனை இனப்பெருக்கத்துக்கு அப்படித் தனி விதிகள் இல்லை. பெடிகிரி சான்றிதழில் தாத்தா, கொள்ளுப்பாட்டி பெயரெல்லாம் ரஷ்ய உச்சரிப்பில் அச்சடித்துத் தருகிறீர்கள், தங்க நிற முத்திரை வேறு. தாத்தாவின் இதயம் எப்படி இருந்தது என்பதற்கு மட்டும் அந்தத் தாளில் இடம் இல்லை. சட்டம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருப்பவர்களிடம் பேசிப் பயனில்லை என்று எனக்கும் தெரியும். சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். உங்களில் பலர் குட்டிகளைக் கண்ணும் கருத்துமாக வளர்ப்பதை நேரில் பார்த்தவள் நான். அந்த நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

பவுனுக்கு இது தகப்பனிடமிருந்து வந்ததா, தாயிடமிருந்தா, எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. இரண்டுக்கும் எக்கோ எடுக்கச் சொல்வது அதற்காகத்தான். எக்கோ எடுத்து முடிக்கும்வரை அந்த ஆண் பூனையை வேறு மேட்டிங்குக்கு விடாதீர்கள். ரிப்போர்ட்டைக் குழுவில் போடுங்கள், நல்லபடியாக இருந்தால் முதலில் வாழ்த்துவது நானாக இருப்பேன். புக்கிங் பணத்தை அதற்கப்புறம் வாங்குங்கள்.

இன்னொரு வேண்டுகோள், இது அவசரம். பவுனோடு பிறந்தவை இன்னும் யார் யார் வீட்டில் இருக்கின்றன என்பது உங்கள் போனில்தான் இருக்கிறது. அவர்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். பூனை அயர்ந்து தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணச் சொல்லுங்கள். 30-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். மூச்சு சரியாக இருந்தாலும் ஒரு எக்கோ எடுத்துவிடச் சொல்லுங்கள். அறுவைக்கோ பல் சுத்தம் செய்யவோ மயக்க மருந்து கொடுக்கும் முன், கூடப்பிறந்தவைக்கு இப்படி ஆனது என்று மருத்துவரிடம் சொல்லச் சொல்லுங்கள். பவுனின் ரிப்போர்ட் நகல் என்னிடம் இருக்கிறது, யார் கேட்டாலும் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்களிடம் குட்டி வாங்கிய ஒருத்தி