மயக்கவியல் டிப்ளமோ பயிற்சிக்கு அங்கீகாரமும் நிதியும் கோரி நான்காவது மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற அரசு செவிலியர்,
கன்னியாகுமரி மாவட்டம்.
(பெயரும் முகவரியும் தனித்தாளில்)

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
நாகர்கோவில்.

பொருள்: எங்கள் பகுதி அரசு மருத்துவமனையில் மயக்கவியல், மகப்பேறு டிப்ளமோ பயிற்சி இடங்களுக்கு விண்ணப்பிக்கவும், அதற்கான நிதியை ஒதுக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: மக்கள் குறைதீர்க்கும் நாளில் நான் நேரில் அளித்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முப்பத்தொரு ஆண்டுகள் அரசு மருத்துவமனைகளில் செவிலியராகப் பணிபுரிந்து ஓய்வுபெற்றவள் நான். இதே பொருளில் மூன்று மனுக்கள் அளித்துவிட்டேன். மூன்றுக்கும் ரசீது கிடைத்தது. பதில் ஒன்றுக்குத்தான் வந்தது, அதுவும் ஒரே வரியில்: "தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காக அனுப்பிவைக்கப்பட்டுள்ளது." எங்கே அனுப்பினார்கள் என்று கேட்டு இரண்டு அலுவலகங்களின் படியேறி இறங்கினேன்; சொல்வார் இல்லை. மருத்துவமனையின் பெயரைத் தனித்தாளில் இணைத்திருக்கிறேன். அங்கே இரவும் பகலும் உழைப்பவர்கள் என் மனுவால் சங்கடப்பட வேண்டாம். குறை அவர்களிடம் இல்லை.

1. அந்த மருத்துவமனையில் பிரசவ அறை இருக்கிறது. அறுவை அரங்கு இருக்கிறது. மகப்பேறு மருத்துவர் இருக்கிறார். மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவர் மாலைக்கு மேல் இல்லை. பணியிடம் ஏட்டில் இருக்கிறது. அதில் அமர்ந்திருப்பவரை வாரத்தில் பாதி நாள் மாற்றுப்பணி என்று வேறு மருத்துவமனைக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

2. கடந்த ஐப்பசியில் என் மகளை இரண்டாம் பிரசவத்துக்கு அங்கேதான் சேர்த்தேன். நான் வேலை பார்த்த துறை, நம்பிச் சேர்த்தேன். இரவு பதினொன்றரை மணிக்குக் குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கத் தொடங்கியது. நானே கேட்டேன், ஐயா. எத்தனையோ தாய்மார்களின் வயிற்றில் காது வைத்துக் கேட்ட எனக்கு அந்தச் சத்தம் என்ன சொல்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. உடனே வயிற்றைத் திறந்து எடுக்க வேண்டும். அறுவை செய்ய டாக்டரம்மா கையுறையோடு தயாராக நின்றார். முதுகில் ஊசி போட ஆள் இல்லை. நான்கு பேருக்குத் தொலைபேசியில் பேசிப் பார்த்துவிட்டு, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சீட்டு எழுதினார். எழுதும்போது அவர் கை நடுங்கியதைப் பார்த்தேன். 108 வண்டி வர இருபது நிமிடம். வெளியே அடைமழை. வில்லுக்குறி, தோட்டியோடு, சுங்கான்கடை, பார்வதிபுரம் என்று அந்தச் சாலையைத் தாங்கள் அறிவீர்கள். மழை இரவில் அதில் வலியோடு ஒரு பெண் படுத்துக்கொண்டு போவதை எண்ணிப் பாருங்கள். அங்கே சேர்ந்தவுடன் அரங்குக்குக் கொண்டுபோனார்கள். மகள் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. பெண் குழந்தை, இரண்டே முக்கால் கிலோ இருந்தாள்.

3. இதற்கு வழி இருக்கிறது என்பதால்தான் எழுதுகிறேன். மருத்துவ மேற்படிப்புத் தேர்வுகளை நடத்தும் தேசியத் தேர்வு வாரியம் 2020-இல், எம்.பி.பி.எஸ். முடித்தவர்களுக்கு இரண்டாண்டு டிப்ளமோ படிப்புகளைத் தொடங்கியது. மயக்கவியல், மகப்பேறு, குழந்தை நலம் எல்லாம் அதில் உண்டு. மருத்துவக் கல்லூரியாக இல்லாத மருத்துவமனையும் அங்கீகாரம் பெற்று இதை நடத்தலாம். பயிற்சி மருத்துவர்கள் வளாகத்திலேயே இரவுப்பணி பார்ப்பார்கள். அவர்கள் தனியாக மயக்க மருந்து கொடுத்துவிட முடியாது, மூத்தவர் உடனிருக்க வேண்டும். அதை நான் அறிவேன். ஆனால் அங்கீகாரத்தின் பெரிய பயனே அந்த மூத்தவர்தான். முழுநேரப் பயிற்றுநர் இல்லையென்றால் அங்கீகாரம் கிடைக்காது, கிடைத்ததும் நிலைக்காது. நினைத்தபோது அவரை மாற்றுப்பணிக்கு அனுப்ப முடியாது. இன்று எங்கள் மருத்துவமனையில் மருத்துவரைப் பிடித்து நிறுத்த ஒரு முளைகூட இல்லை. இது அந்த முளை.

4. நிதி. விண்ணப்பக் கட்டணம், பயிற்சி மருத்துவர்களின் உதவித்தொகை, ஒரு நூலகம், ஒரு வகுப்பறை. மருத்துவமனையில் கேட்டால், நிதிக்கு உத்தரவு வந்தால் விண்ணப்பிப்போம் என்கிறார்கள். மேலே கேட்டால், அங்கீகாரம் வந்தால் நிதி ஒதுக்குவோம் என்கிறார்கள். இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவில்தான், ஐயா, எங்கள் பிள்ளைகள் செத்துப்போகிறார்கள். யாராவது ஒருவர் முதலில் கையெழுத்துப் போடக் கூடாதா? மாவட்டத்தின் அரசு மருத்துவத் திட்டங்களையும் அவற்றின் நிதியையும் கவனிக்கும் மாவட்ட நலவாழ்வு சங்கத்தின் தலைவர் தாங்கள். இரு தரப்பையும் ஒரே மேசையில் உட்காரவைக்கத் தங்களால் முடியும்.

5. அங்கீகாரம் வரும்வரை இன்னொன்று செய்யலாம். தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிப்படி, மருத்துவக் கல்லூரிகளில் மேற்படிப்புப் படிக்கும் பி.ஜி. மருத்துவர்கள் மூன்று மாதம் மாவட்ட அளவிலான மருத்துவமனைகளில் பணிபுரிய வேண்டும். அவர்களை எங்கள் மருத்துவமனைக்கும் கேட்டுப் பெறலாம். அந்த மாதங்களுக்கும் உதவித்தொகையை அவர்களுடைய கல்லூரியே தரும். நம் பொறுப்பு தங்குமிடமும் பாதுகாப்பும். எங்கள் மருத்துவமனைக் குடியிருப்பில் கூரை ஒழுகுகிறது, குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒரு பெண் மருத்துவரை அங்கே எப்படித் தங்கச் சொல்வது? நான்கு அறைகளைச் சீர்செய்ய எத்தனை லட்சம் ஆகிவிடும்? சென்ற மனுவிலேயே படங்களோடு கொடுத்தேனே.

6. ஆசாரிப்பள்ளத்தில் மருத்துவக் கல்லூரி வந்தது 2001-இல். நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது 1956-இல். இத்தனைக்குப் பிறகும் இரவில் வலி கண்டால், கையில் காசுள்ளவர்கள் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போகிறார்கள். காசில்லாதவர்கள், ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களும் கடலுக்குப் போகிறவர்களும், எங்கள் மருத்துவமனைக்குத்தான் வருகிறார்கள். அவர்களுக்காகக் கேட்கிறேன். எனக்காகக் கேட்க இனி எதுவும் இல்லை.

7. விண்ணப்பியுங்கள். அவ்வளவுதான் என் கோரிக்கை. ஆய்வுக்கு வருகிறவர்கள் குறை கண்டு திருப்பி அனுப்பினாலும், எது குறை என்று எழுத்தில் கிடைக்கும். இன்று அதுகூட எங்களிடம் இல்லை.

ஆகவே ஐயா அவர்கள், டிப்ளமோ பயிற்சி இடங்களுக்கு விண்ணப்பிக்க ஆணையிட்டு, கட்டணத்துக்கும் குடியிருப்பைச் சீர்செய்யவும் நிதி ஒதுக்கி, அதுவரை மயக்கவியல் மருத்துவரின் மாற்றுப்பணியை ரத்து செய்யுமாறு மிகவும் பணிவுடன் மீண்டும் வேண்டிக்கொள்கிறேன். இந்த மனு எந்த அலுவலரிடம், எந்தத் தேதியில் ஒப்படைக்கப்பட்டது என்பதை மட்டுமாவது எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன். அதைப் பெற்றுக்கொள்ள வரும் திங்கட்கிழமை காலையில் என் மகளுடன் வருவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: முந்தைய மனுக்களின் ரசீது நகல்கள் 3, மேல்சிகிச்சைக்கு அனுப்பிய சீட்டின் நகல், குடியிருப்பின் படங்கள்.