தேன் நோட்டுகளை ஏஐயிடம் கொடுக்கும் முன்: மார்த்தாண்டத்து மாமாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாமாவுக்கு,

இத்தனை வருஷத்துத் தேன்பெட்டி நோட்டுகளையும் ஸ்கேன் செய்து, தானாகவே தேடிப் பதில் சொல்லும் ஒரு ஏஐ ஏஜென்டிடம் கொடுக்கப் போகிறீர்கள் என்று மாமி சொன்னார்கள். கட்டாயம் செய்யுங்கள். ஒரே ஒரு வேண்டுதல்: "நான் இதுவரை கற்றதைச் சுருக்கிச் சொல்" என்று மட்டும் அதைக் கேட்டுவிட்டு நிறுத்திவிடாதீர்கள்.

உங்கள் நோட்டுகளுக்கு மதிப்பே, என்ன நடக்கப்போகிறது என்று தெரியாதபோது எழுதியவை என்பதில்தான் இருக்கிறது. ரப்பர் தேன் பூவில் வருவது என்றுதான் வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். மரம் இலை உதிர்த்துத் துளிர்க்கும்போது, ஒரு காம்பின் மூன்று இலைகளும் அதோடு சேரும் இடத்தில் சுரக்கும் இனிப்பு நீரைத்தான் தேனீ எடுக்கிறது. துளிர் எப்போது வரும், அதற்குள் மழை பெய்துவிடுமா, பெட்டியை எந்தத் தோட்டத்துக்குத் தூக்குவது என்று ஒவ்வொரு வருஷமும் முன்கூட்டியே முடிவெடுத்தீர்கள். அந்த நாளின் சந்தேகம் நோட்டில்தான் இருக்கும், ஞாபகத்தில் இருக்காது.

இது ஆராய்ச்சியிலேயே வந்த விஷயம். 1972-இல் அமெரிக்க அதிபர் நிக்சன் சீனாவுக்கும் மாஸ்கோவுக்கும் போகும் முன், என்னென்ன நடக்க வாய்ப்பு உண்டு என்று மாணவர்களிடம் கேட்டு எழுதி வாங்கினார்கள். பயணம் முடிந்தபின், முன்பு என்ன சொன்னீர்கள் என்று திரும்பக் கேட்டார்கள். நடந்துவிட்டவற்றுக்கு, உண்மையில் சொன்னதைவிட அதிக வாய்ப்புச் சொன்னதாகவே பலருக்கு ஞாபகம். பரூக் பிஷ்ஹாஃப், ரூத் பேத் என்ற இருவர் 1975-இல் இதை வெளியிட்டார்கள். எல்லா மனிதர்களுக்கும் நடப்பதுதான், மாமா.

ஏஐ இதைச் சரி செய்யவும் முடியும், மோசமாக்கவும் முடியும். இப்படிப்பட்ட கருவிகள் பெரும்பாலும் நோட்டைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றின் பொருளையும் எண்களாக மாற்றி வைத்துக்கொள்கின்றன. நீங்கள் கேள்வி கேட்டால், அதற்கு நெருக்கமான துண்டுகளைத் தேடி எடுத்து, அவற்றை வைத்துப் பதில் எழுதுகின்றன. ஏஜென்ட் என்றால் போதாதபோது தானாகவே இன்னொரு முறை தேடும். ஆனால் அதன் கையில் சிக்காத துண்டு பதிலில் வராது. பதிலோ எல்லாவற்றையும் வாசித்தது போலச் சரளமாக இருக்கும்.

இத்தாலியத் தேனீ விஷயத்தையே எடுங்கள். 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற தேனீ நோய் வைரஸ் வந்து நம் நாட்டுத் தேனீக்கள் கூட்டங்கூட்டமாக அழிந்தபின், ஒரு பக்கத்தில் வேண்டாம் என்றும் இன்னொரு பக்கத்தில் கொஞ்சம் வாங்கிப் பார்க்கலாம் என்றும் நீங்கள் எழுதியிருக்கலாம். இரண்டையும் சேர்த்து, "படிப்படியாக மனம் மாறினார்" என்று கருவி அழகாக முடித்துவிடும். உண்மைக் காரணம் கடன் நெருக்கடியாக இருந்திருக்கலாம். முரண்பாட்டை அது இழைத்து வழவழப்பாக்கக் கூடாது, அப்படியே எடுத்துக் காட்ட வேண்டும்.

அதனால் அதற்குக் கொடுக்கும் கட்டளையில் இதை எழுதுங்கள்: ஒவ்வொரு பதிலுக்கும் தேதி, பக்கம், என் வரி அப்படியே வேண்டும், நோட்டில் இல்லாத காரணத்தைச் சொல்லாதே, நான் மாற்றிப் பேசிய இடங்களைத் தனியாகக் காட்டு. அப்புறம், எதிர்பார்த்த தேனையும் கிடைத்த தேனையும் வருஷவாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது இதுதான். கிலோ எண்களை மட்டும் நோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கையெழுத்தில் 1-ஐ 7 என்று வாசித்துவிடும்.

தோட்டக்காரர்கள் பெயர், யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அந்த நோட்டுகளில் இருக்கும். அவை வெளியே போகாதபடி, நம் கணினிக்குள்ளேயே ஓடும் ஏஐ மாடல்கள் இருக்கின்றன. கொஞ்சம் மெதுவாக ஓடினாலும் அதுவே நல்லது.

2017-18 நோட்டை முதலில் எடுங்கள். நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடித்து ரப்பரும் வாழையும் சாய்ந்தபின், பெட்டிகளை எங்கே வைப்பது என்று அந்த டிசம்பரில் என்ன யோசித்தீர்கள் என்பதைக் கருவி சொல்வதற்கு முன் நீங்களே ஒரு தாளில் எழுதி வையுங்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். கிறிஸ்துமஸ் லீவில் வருகிறேன். மை மங்கிய பழைய நோட்டுகளை நீங்கள் வாசியுங்கள், நான் டைப் செய்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மருமகன்