வெல்ல வருபவருக்கும் விளையாட வருபவருக்கும் ஒரே மேசை: வார்ஹாமர் விதி எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாட்டிங்ஹாமில் இருந்து வார்ஹாமர் 40,000 விதிகளை எழுதும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் குழுவினருக்கு,

வணக்கம்.

உங்கள் விளையாட்டை ஆடுபவர்கள் கூடும் எந்தக் கிளப்புக்குப் போனாலும் ஒரு சண்டை காதில் விழும். "டோர்னமெண்ட்காரங்க வந்து ஆட்டத்தையே கெடுத்துட்டாங்க" என்று ஒரு பக்கம். "கேஷுவல்னு சொல்லிக்கிட்டு ரூல்ஸே படிக்காம வர்றாங்க" என்று இன்னொரு பக்கம். இதை ஆட்டக்காரர்களின் குணத்தைப் பற்றிய சண்டையாகத்தான் எல்லாரும் பேசுகிறார்கள், ஒருவருக்கு வெற்றி வெறி, இன்னொருவருக்குச் சோம்பல் என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இதில் பெரும்பங்கு உங்கள் ரூல்புக் செய்யாமல் விட்ட ஒரு வேலையால் வருகிறது. அதனால்தான் இந்த மடலை அவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

விளையாட்டைத் தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் வீரர்களை நாமே வெட்டி, ஒட்டி, பெயிண்ட் அடித்து ஒரு படை சேர்க்கிறோம். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு பாயிண்ட் மதிப்பு உண்டு. பெரும்பாலும் 2,000 பாயிண்டுக்குள் இருவரும் படை அமைத்து, மேசை மேல் டேப் வைத்து அளந்து நகர்த்தி, பகடை உருட்டி மோதுகிறோம். ஓர் ஆட்டம் மூன்று மணி நேரம் ஓடும். ஆனால் ஒரு படையைப் பெயிண்ட் அடித்து முடிக்க மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு வருடக்கணக்கில்.

சரி, வழக்கமாக நடப்பதைச் சொல்கிறேன். முன்பின் தெரியாத இரண்டு பேர் மேசைக்கு வருகிறார்கள். "எத்தனை பாயிண்ட்?" "ரெண்டாயிரம்." அவ்வளவுதான் பேச்சு. ஒருவர் அடுத்த மாதம் டோர்னமெண்டுக்குப் போகிறவர், அதற்காக வடிவமைத்த படையைச் சோதித்துப் பார்க்க வந்திருக்கிறார். மற்றவர் தன் படைக்கு ஒரு கதை வைத்திருக்கிறார், தளபதிக்குப் பெயர் வைத்திருக்கிறார், பார்க்க அழகாக இருந்தது என்பதற்காகவே சில பிரிவுகளை வாங்கியவர். இரண்டாவது சுற்று முடிவதற்குள் ஆட்டம் முடிந்துவிடுகிறது. மீதி நேரம் ஒருவர் தன் வீரர்களை எடுத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருக்கிறார், மற்றவர் சங்கடத்தோடு நிற்கிறார், ஏனென்றால் அவருக்கும் இதில் சோதிக்க ஒன்றும் கிடைக்கவில்லை. இருவரும் ஒரு விதியைக்கூட மீறவில்லை. இருவரிடமும் இருந்தது சரியாக 2,000 பாயிண்ட். வீட்டுக்குப் போகும்போது இருவருமே மற்றவர்மேல் வருத்தத்தோடு போகிறார்கள்.

இந்த இடத்தில் முன்பெல்லாம் மூன்றாவதாக ஒருவர் இருந்தார். 1824இல் பிரஷ்யப் படையில் ராய்ஸ்விட்ஸ் என்ற அதிகாரி கொண்டுவந்த போர் விளையாட்டிலேயே நடுவர் உண்டு. விதி அட்டவணைகள் கூடிக்கொண்டே போனபோது, 1876இல் வெர்டி து வெர்னுவா என்ற தளபதி, அட்டவணைகளை ஒதுக்கிவிட்டு அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்புக்கே விட்டுவிடலாம் என்று எழுதினார். கறாரான விதியா, மனிதரின் தீர்ப்பா என்ற வாதம் அவ்வளவு பழையது. உங்கள் விளையாட்டும் அங்கிருந்துதான் தொடங்கியது. 1987இல் ரிக் ப்ரீஸ்ட்லி எழுதிய முதல் பதிப்பு, ஆட்டத்தை நடத்த ஒரு கேம் மாஸ்டர் இருப்பது நல்லது என்று சொன்னது. அவர் கதையைச் சொல்வார், இருபக்கப் படையையும் பார்த்து யாருக்கு என்ன கொடுக்கலாம் என்று முடிவு செய்வார். பிற்பாடு அவர் மறைந்துபோனார், பாயிண்ட் மட்டும் தங்கிவிட்டது. அந்த மனிதர் செய்த வேலை முழுவதையும் ஓர் எண்ணின் தலையில் ஏற்றிவிட்டோம். அந்த எண்ணால் படையின் பலத்தை ஓரளவுக்குச் சொல்ல முடியும். எதிரே நிற்பவர் எதற்காக வந்திருக்கிறார் என்பதைச் சொல்ல முடியாது.

பாயிண்டையே எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதையும் நீங்கள் பார்த்துவிட்டீர்கள். 2015இல் உங்கள் இன்னொரு விளையாட்டான ஏஜ் ஆஃப் சிக்மார் வந்தபோது நான்கே பக்க விதிகள், பாயிண்ட் கிடையாது, பிடித்ததை மேசையில் வைத்து ஆடுங்கள் என்றீர்கள். எதிராளியைவிடப் பெரிய மீசை உங்களுக்கு இருந்தால் பகடையை மறுபடி உருட்டலாம் என்று ஒரு விதிகூட அதில் இருந்தது. அதை எழுதியவர்கள் சிரித்துப் பேசி ஆடும் இரண்டு நண்பர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறார்கள், அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அறிமுகமில்லாத இரண்டு பேருக்கு அது உதவவில்லை. எவ்வளவு படை கொண்டுவருவது என்றே தெரியாமல், பல ஊர்களில் ஆட்டக்காரர்கள் தாங்களாகவே பாயிண்ட் கணக்குகளை உருவாக்கிக்கொண்டார்கள். அடுத்த வருடமே, 2016இல், ஜெனரல்ஸ் ஹேண்ட்புக்கில் நீங்களும் பாயிண்டைத் திரும்பக் கொண்டுவந்தீர்கள். இதிலிருந்து பலரும் எடுத்துக்கொண்ட பாடம், மக்களுக்குப் போட்டிதான் வேண்டும் என்பது. நான் அதை வேறு மாதிரி பார்க்கிறேன். டோர்னமெண்ட் நடத்துபவர்கள் எப்படியும் ஒரு கணக்கு போட்டுச் சமாளித்துவிட்டார்கள். வாரம் ஒருநாள் ஆட வருகிற சாதாரண ஆட்டக்காரர்தான் நட்டாற்றில் நின்றார்.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயமே இதுதான். சமநிலை என்பது போட்டிக்காரர்களின் தேவை, கேஷுவல் ஆட்டக்காரர்கள் அதைப் பற்றிக் கவலைப்பட மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. உண்மை அதற்கு நேர் எதிர். ஜூன் 2023இல் பத்தாம் பதிப்பு வந்தபோது ஏல்டாரி படை என்ன செய்தது என்று நினைத்துப் பாருங்கள். தொடக்கத்திலேயே உருட்டி ஒதுக்கி வைத்த பகடையிலிருந்து ஓர் ஆறை எடுத்து வேண்டிய இடத்தில் போடலாம், அந்த ஆறு எதிரியின் கவசத்தைத் தாண்டி நேராகச் சேதமாக இறங்கும், அதை ரெய்த்நைட் போன்ற ராட்சத வடிவங்களோடு சேர்த்தால் எதிரே யாரும் நிற்க முடியவில்லை. செப்டம்பரில் நீங்கள் அந்தச் சேத விதியையே மாற்றும்வரை அதுதான் பேச்சு. அந்த மாதங்களில் டோர்னமெண்ட் ஆட்டக்காரர்கள் என்ன செய்தார்கள்? சிலர் ஏல்டாரிக்கு மாறினார்கள், சிலர் நண்பரிடம் படை கடன் வாங்கினார்கள், மற்றவர்கள் அதை எதிர்கொள்ளப் பயிற்சி எடுத்தார்கள். அவர்களுக்கு மாற்று வழி இருந்தது. பல வருடமாக ஒரே ஒரு டெத் கார்ட் படையை மட்டும் சேர்த்துப் பெயிண்ட் அடித்த மனிதருக்கு எந்த மாற்றும் கிடையாது. அவர் நண்பரோ, ஏல்டாரி பிடிக்கும் என்று எப்போதோ அந்தப் படையைச் சேர்த்தவர், யாரையும் நசுக்கும் நோக்கமே இல்லாமல் வாராவாரம் ஜெயித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் ஆட்டம் கசந்துபோனது. சமநிலை குலைந்தால் முதலில் அடிபடுவது இவர்கள்தான்.

ஆகவே திருத்தங்களைக் குறையுங்கள் என்று நான் கேட்கவில்லை. எதை வைத்து அளக்கிறீர்கள் என்றுதான் கேட்கிறேன். ஒவ்வொரு படையின் வெற்றி விகிதமும் 45 முதல் 55 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதை இலக்காகப் பலமுறை சொல்லியிருக்கிறீர்கள். நல்ல இலக்கு. ஆனால் அந்த எண்கள் டோர்னமெண்ட் முடிவுகளிலிருந்து வருகின்றன. ஒரு படையில் உள்ள சிறந்த நான்கைந்து பிரிவுகளை மட்டும் எடுத்து, நன்றாகப் பழகிய கை ஆடினால் என்ன ஆகும் என்பதைத்தான் அவை சொல்லும். அந்தப் படை 50 சதவீதம் காட்டும், அதன் மீதிப் பிரிவுகள் அலமாரியில் தூசி பிடித்துக் கிடக்கும், அந்த மீதிப் பிரிவுகளை ஆசையாக வாங்கியவரோ தொடர்ந்து தோற்றுக்கொண்டிருப்பார். உங்கள் அட்டவணையில் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

ஆயுதங்களுக்கான பாயிண்டை எடுத்ததும் இதே மாதிரிதான் முடிந்தது. 2017இல் எட்டாம் பதிப்பில் பவர் லெவல் என்று ஒன்று கொடுத்தீர்கள், ஆயுதக் கணக்கு பார்க்காமல் பிரிவுக்கு ஒரு தோராய எண், அவசரமாக ஆட வேண்டியவர்களுக்கு. பக்கத்திலேயே துல்லியமான பாயிண்ட் கணக்கும் இருந்தது, யாருக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொண்டார்கள். பத்தாம் பதிப்பில் பவர் லெவல் போய்விட்டது, பாயிண்டே கிட்டத்தட்ட பவர் லெவல் மாதிரி ஆகிவிட்டது. பெரும்பாலான ஆயுதங்களுக்குத் தனி விலை இல்லை. சார்ஜென்ட் கையில் சாதாரண வாள் இருந்தாலும் அதைவிட வலுவான பவர் ஃபிஸ்ட் இருந்தாலும் ஒரே பாயிண்ட். பத்து வருடம் முன்பு, பார்க்க நன்றாக இருக்கிறது என்று அந்த வாளை ஒட்டி வைத்தவர் இன்று ஒவ்வொரு ஆட்டத்திலும் கொஞ்சம் பின்தங்கித் தொடங்குகிறார். பிளாஸ்டிக் வீரனின் கையில் காந்தம் பதித்து ஆயுதத்தை மாற்றிக்கொள்ளும் போட்டிக்காரருக்கு இது ஒரு பொருட்டே இல்லை. எளிமை என்ற பெயரில் செய்ததுதான், ஆனால் யாருக்காக எளிமை செய்தீர்களோ அவருக்கே அது நஷ்டமாகிவிட்டது.

போட்டி ஆட்டக்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லாமல் போனால் நியாயமாக இருக்காது. நான் பார்த்த மிகக் கண்ணியமான ஆட்டங்களில் பல டோர்னமெண்ட் மேசைகளில் நடந்தவை. "இந்தச் சுவருக்குப் பின்னால் உன் டேங்க் பார்க்க முடியாத மாதிரி நிறுத்துறேன், சரியா?" என்று வாய்விட்டுச் சொல்லி, எதிராளி தலையாட்டிய பிறகுதான் நகர்த்துகிறார்கள். பிறகு அரை இன்ச் தெரிகிறது, தெரியவில்லை என்ற தகராறே வருவதில்லை. கடிகாரம் வைத்து ஆடுவதால் ஒருவர் நேரத்தை மற்றவர் தின்பதும் இல்லை. அதே சமயம் கேஷுவல் என்று சொல்லிக்கொள்பவர்கள் எல்லாரும் விட்டுக்கொடுப்பவர்கள் இல்லை. தன் படையில் இருக்கும் மிக வலுவான பிரிவுகளையெல்லாம் கதைக்காக என்று சொல்லி இறக்கிவிட்டு, எதிராளி கொஞ்சம் யோசித்து ஆடினால் உடனே முகம் சுளிப்பவர்களும் இருக்கிறார்கள். கேஷுவல் என்றால் அக்கறை இல்லாமை என்று அர்த்தம் ஆகிவிட்டது வருத்தமான விஷயம். ஆறு மாதம் உட்கார்ந்து ஒரு படையின் கவச விளிம்புகளுக்குக் கோடு இழுக்கிறவரைவிட அக்கறை உள்ளவர் யார்? பெயிண்ட் அடித்த படைக்குப் பத்து வெற்றிப் புள்ளி கொடுத்தீர்களே, அந்த விதியைப் பலர் திட்டினாலும் எனக்கு அது பிடிக்கும், அந்த உழைப்பும் ஆட்டத்தின் பகுதி என்று ரூல்புக்கே ஒப்புக்கொண்ட ஒரே இடம் அதுதான்.

இப்போது என் வேண்டுகோள்களுக்கு வருகிறேன். தெருவில் கிரிக்கெட் ஆடும் பிள்ளைகள் முதல் பந்துக்கு முன்பே எல்லாவற்றையும் பேசிவிடுவார்கள்: ஒன் பிட்ச் கேட்ச் அவுட்டா, அந்த மாடி வீட்டுக்குள் பந்து போனால் அவுட்டா, அழுகிற தம்பிக்கு இரண்டு சான்ஸா. யாரும் அதைத் தனியாகச் சொல்லித் தருவதில்லை. நம் விளையாட்டில் பெரியவர்கள்கூட இந்தப் பேச்சைப் பேசக் கூச்சப்படுகிறோம், ஏனென்றால் பேச ஆரம்பித்தால் எதிராளியைக் குறை சொல்வது போல ஆகிவிடுகிறது. "உன் லிஸ்ட் ரொம்ப ஸ்ட்ராங்கா இருக்கு" என்று சொன்னால் அது ஒரு குற்றச்சாட்டாகத்தான் கேட்கிறது. அதனால் அந்தப் பேச்சை விதியாகவே எழுதுங்கள். படை நிறுத்துவது எப்படி ஒரு கட்டமோ, அப்படியே அதற்கு முன்பு ஒரு கட்டம், எண் போட்டு, அதே எழுத்து அளவில். எதற்காக ஆடுகிறோம், படை எவ்வளவு கூர்மையானது, தவறான நகர்வைத் திரும்ப எடுக்கலாமா, மேசையில் எவ்வளவு மறைவிடம் வைப்பது, பலம் ஒத்துவராது என்று தெரிந்தால் பலவீனமான பக்கத்துக்கு என்ன கூடுதலாகக் கொடுப்பது. கடைசிக் கேள்விக்கு நாலைந்து ஆயத்த விடைகளையும் நீங்களே கொடுங்கள். 200 பாயிண்ட் அதிகமாகவோ, இறந்த ஒரு பிரிவு திரும்ப வருவதாகவோ. புத்தகமே கேட்கச் சொல்லும்போது கேட்பவருக்குக் கூச்சம் இருக்காது. மறைந்துபோன அந்த மூன்றாவது மனிதரின் வேலையில் பாதி இதிலேயே நடந்துவிடும்.

அப்புறம், பாயிண்ட் மாற்றங்கள். வருடத்தில் பலமுறை மாற்றுவது டோர்னமெண்டுக்குத் தேவை, புரிகிறது. ஆனால் மாதம் ஒருமுறை ஆடுபவருக்கு ஒவ்வொரு முறை வரும்போதும் படை 2,000ஐத் தாண்டியிருக்கும் அல்லது குறைந்திருக்கும். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் மாறும், ஆயுதங்களுக்கும் விலை உள்ள இரண்டாவது பட்டியல் ஒன்றைக் கொடுங்கள். உடைந்துபோன ஏதாவது ஒன்றை மட்டும் அவசரமாகத் திருத்தினால் போதும். அதற்கான தகவலையும் வீடுகளிலிருந்தே எடுக்கலாம், உங்கள் செயலியில் படை அமைக்கிறவர்களிடம் ஆட்டம் முடிந்ததும் யார் ஜெயித்தார்கள் என்பதோடு, ஆட்டம் கடைசிவரை சுவாரசியமாக இருந்ததா என்றும் கேளுங்கள்.

லெஜண்ட்ஸ் என்ற, விலக்கப்பட்ட பழைய பிரிவுகளின் பட்டியலுக்குத் தள்ளும் பிரிவுகளைப் பற்றியும் தெளிவாக எழுதுங்கள். அவை டோர்னமெண்டுக்குப் பரிந்துரைக்கப்படாதவை என்றுதான் சொல்கிறீர்கள், ஆனால் கிளப்புகளில் அதைத் தடை என்று படிக்கிறார்கள். சிக்மாரில் 2018இல் சோல் வார்ஸ் பெட்டியோடு வந்த படைப்பிரிவுகள் பல 2024இல் விலகும் பட்டியலுக்குப் போனபோது, அதை நம்பிச் சேர்த்தவர்களுக்கு ஆறு வருட உழைப்பு அது. "நட்பு ஆட்டங்களில் இவற்றுக்கு எந்தத் தடையும் இல்லை" என்று ஒரே ஒரு வரி, முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில் போடுங்கள்.

உங்களால் இதெல்லாம் முடியும் என்று எனக்குத் தெரியும். கதை வளர்த்து ஆடுபவர்களுக்கு 2020இல் க்ரூஸேட் கொடுத்தவர்கள் நீங்கள். ஒரு பெட்டியை வாங்கி அப்படியே ஆடலாம் என்று காம்பாட் பேட்ரோலை ஒரு தனி ஆட்டமாகவே அமைத்தவர்களும் நீங்கள்தான். இரண்டுமே நன்றாக இருக்கின்றன. ஆனால் அவை பக்கத்து அறைகள் மாதிரி ஆகிவிட்டன, அறிமுகமில்லாத இரண்டு பேர் சந்திக்கும் நடு மேசையில் இன்னும் அந்த 2,000 மட்டும்தான் இருக்கிறது. அடுத்த பதிப்பை எழுதும்போது அந்த மேசையிலிருந்து தொடங்குங்கள்.

அன்புடன்,
ஓர் ஆர்க் படை ஆட்டக்காரர்