ஈறுக்குள் வைத்த சவ்வை எடுக்கும் காலம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஈறு நோயால் பல்லைச் சுற்றிக் கரைந்த எலும்பை மீண்டும் வளர்க்கும் சிகிச்சை பற்றித் தங்கள் நாளிதழ் வெளியிட்ட கட்டுரை, தடுப்புச் சவ்வை எப்போது அகற்ற வேண்டும் என்பதைச் சொல்லாமல் விட்டது குறையே. ஈறின் மேல்தோல் செல்கள் முந்திக்கொண்டு வேரை மூடிவிடாதபடி தடுத்து, பல் வேரை எலும்போடு பிணைக்கும், மெதுவாக வளரும் பற்சூழ் நார்ச் செல்களுக்கு இடம் ஒதுக்கித் தரவே இச்சவ்வு வைக்கப்படுகிறது. 1982-இல் ஸ்வீடன் நாட்டு ஈறு மருத்துவர் நைமன் குழுவினர் மனிதரிடம் செய்துகாட்டிய முறை இது.

கொலாஜன் என்னும் புரதத்தாலான சவ்வு தானே கரைந்துவிடும். கரையாத டெஃப்லான் வகையையோ வழக்கமாக 4 முதல் 6 வாரங்களில் சிறு அறுவை செய்து எடுக்கிறோம். அடியில் தென்படும் செந்நிற இளந்திசு இன்னும் எலும்பாகியிருக்காது. அதைச் சுரண்டாமல் ஈறால் முழுமையாக மூட வேண்டும், முதிர்வதற்குப் பல மாதங்கள் ஆகும்.

வலியில்லை என்பதால் நாளைத் தள்ளிப்போடுவதே எங்கள் பகுதியில் நான் காணும் தொல்லை. வீட்டில் அறுபதாம் ஆண்டுச் சாந்திக் கலியாணம் முடியட்டும் என்றிருந்த கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர் 10 வாரம் கழித்து வந்தபோது, ஈறு விலகிச் சவ்வு வெளியே தெரிந்து, சீழும் பிடித்திருந்தது. வளர்ந்த திசுவில் பாதி வீணாயிற்று. சீழ் கண்டால் வாரக்கணக்குப் பாராமல் உடனே எடுத்தாக வேண்டும். தமக்கு வைத்தது எவ்வகைச் சவ்வு என்பதை நோயாளிகள் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுமாறு தாங்கள் ஒரு குறிப்பு வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஈறு சிகிச்சை மருத்துவர் ஒருவர்,
காரைக்குடி.