மூன்று சுழி ‘ண’ தெரியும் திரை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கடை வாசலில் ஓடும் எல்இடி பலகை, மண்டபத்தில் தொங்கும் தொலைக்காட்சி, கோயில் முகப்பில் பூசை நேரம் காட்டும் திரை, கைப்பேசிக்கு வந்துசேரும் நிகழ்ச்சி அழைப்பிதழ். இவற்றுள் ஏதேனும் ஒன்றில் கொம்பு இடம்மாறிய தமிழையோ புள்ளி காணாமற்போன தமிழையோ பார்க்காத வாசகர் சிங்கப்பூரில் இருக்கமாட்டார். பார்த்தவுடன் மொழிபெயர்த்தவருக்குத் தமிழ் தெரியாது என்று பழிபோடுகிறோம். அவர் பெரும்பாலும் சரியாகத்தான் எழுதிக் கொடுத்திருப்பார். எழுத்து உடைந்த இடம் வேறு. எந்த விதமாக உடைந்திருக்கிறது என்பதைக் கொண்டே எங்கே உடைந்தது என்று சொல்லிவிடலாம். திரைக்குப் பணம் கட்டும் சங்கங்களும் கடைக்காரர்களும் கோயில் நிர்வாகங்களும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம்.

கணினி எழுத்தின் உருவத்தைச் சேமிப்பதில்லை, எண்களைத்தான் சேமிக்கிறது. ‘தமிழ்’ என்ற சொல் யூனிகோடு என்ற உலகப் பொதுக் குறியீட்டில் ஐந்து எண்கள்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. அந்த எண்களைக் கோப்பில் எழுதிவைக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வீதம் 15 பைட். இந்த எண்களை உருவமாக மாற்றும் வேலை தனி. ‘பொ’வை எடுத்துக்கொள்ளுங்கள். சேமிப்பில் ‘ப’ முதலில், ஒகரக் குறி அடுத்து. திரையிலோ ஒற்றைக்கொம்பு முன்னால், ‘ப’ நடுவில், கால் பின்னால் வரவேண்டும். ஒரே குறி இரண்டாகப் பிரிந்து, அதில் ஒரு பாதி மெய்யைத் தாண்டி முன்னே வந்து நிற்க வேண்டும். இதைச் செய்ய எழுத்துகளைக் கோக்கும் மென்பொருள் ஒன்று தேவை. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு, லிப்ரே ஆஃபிஸ் ஆகியவற்றில் ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருள் அதைச் செய்கிறது. விண்டோசுக்கும் ஆப்பிளுக்கும் சொந்த ஏற்பாடு உண்டு. மலிவான எல்இடி பலகையின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் பெரும்பாலும் இது இருக்காது. எண் வந்த வரிசையிலேயே உருவத்தை வரைந்து தள்ளிவிடும். ‘பொங்கல்’ என்று அனுப்பினால் கொம்பு ‘ப’வுக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே கொம்பு இடம்மாறியிருந்தால் குற்றம் எழுத்தைக் கோக்கும் மென்பொருளில். வெற்றுக் கட்டங்கள் வந்தால் கருவியில் தமிழ் எழுத்துருவே இல்லை. தலையில் சாய்கோடு வைத்த ஆங்கில ‘ஏ’ திரும்பத் திரும்ப வந்தால், யுடிஎஃப்-8 கோப்பை ஏதோ ஒரு மென்பொருள் பழைய மேற்கத்தியக் குறிமுறையில் படித்திருக்கிறது. கோப்பைத் திறக்கும்போதே யுடிஎஃப்-8 என்று தெரிவுசெய்தால் தீர்ந்தது. ஆங்கில விசைகளைத் தாறுமாறாகத் தட்டியதுபோல் ‘ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி’ என்று நின்றால் அது, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைக்கும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய ‘தமிழ்’. எழுத்துரு வழியில் கழன்றுபோய்விட்டது. அந்தப் பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றித்தான் பயன்படுத்த வேண்டும்; பாமினியை இன்னொரு கணினியில் நிறுவிச் சமாளிப்பது அடுத்த தடவையும் உடைவதற்கு வழி.

அச்சு வடிவமைப்பாளர்கள் தவறவிடும் அமைப்பு ஒன்றையும் சொல்லவேண்டும். அடோபி மென்பொருள்களில் தமிழ் எழுத்தைக் கோக்கும் வசதியைத் தேர்ந்தெடுக்காமல் விட்டால் சரியான யூனிகோடு உரையும் குலைந்து விழும். இன்டிசைனில் பத்திப் பலகத்தின் மெனுவில் ‘வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ என்பதைத் தெரிவுசெய்ய வேண்டும். இல்லஸ்ட்ரேட்டரில் ப்ரிஃபரன்சஸ், டைப் பகுதிக்குப் போய் ‘ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்’ என்பதை இயக்க வேண்டும். ஒரு நிமிட வேலை.

இரண்டாவது உடைவு நுட்பமானது. உருவம் சரியாகக் கோக்கப்பட்ட பிறகும், அதை விளக்குப் புள்ளிகளாக்கும்போது எழுத்து அழியலாம். எழுத்துருவில் ஒவ்வொரு வடிவமும் வளைகோடுகளாக இருக்கிறது. பிரெஞ்சுக் கார் நிறுவனமான ரெனோவின் பொறியாளர் பியேர் பெசியே கார் உடலின் வளைவுகளுக்காக 1960களில் பரப்பிய அதே வளைகோடுதான் இன்று நம் ‘ழ’வின் வளைவையும் வரைகிறது. திரையிலோ வளைவு கிடையாது. சதுரக் கட்டங்களே உண்டு. 1920க்கு 1080 திரையில் 20,73,600 பிக்சல். ஒவ்வொரு கட்டத்தையும் வளைகோடு எவ்வளவு மூடுகிறது என்று கணக்கிட்டு, முழுதும் மூடினால் கருப்பு, பாதி மூடினால் சாம்பல் என்று நிரப்புகிறார்கள். எழுத்து பெரிதாக இருக்கும்வரை இந்தக் கணக்கு நமக்குத் தெரியாது. சிறிதானால் தமிழ்தான் முதலில் அடிபடும்.

ஏன் என்று ‘திருமண மண்டபம்’ என்ற பலகையில் பார்க்கலாம். மூன்று சுழி ‘ண’வுக்கும் இரண்டு சுழி ‘ன’வுக்கும் ஒரே ஒரு சுழிதான் வேறுபாடு. சுழி சுழியாகத் தெரிய இரண்டு பக்கச் சுவரும் நடுவே ஓர் இருட்டும் வேண்டும். குறைந்தது மூன்று புள்ளி அகலம். கூடுதல் சுழி ஒவ்வொன்றுக்கும் மேலும் இரண்டு. ஆங்கிலப் பெரிய எழுத்து 5 புள்ளி அகலம், 7 புள்ளி உயரம் கொண்ட கட்டத்தில் நிம்மதியாக உட்கார்ந்துவிடும். அதே கட்டத்தில் ‘ண’வைத் திணித்தால் சுழிகள் அடைத்து ஒரே கறையாகிவிடும். ‘மணம்’ ‘மனம்’ ஆகும், ‘ஆணி’ ‘ஆனி’ ஆகும். உயரத்திலும் இதே நெருக்கடி. மேலே ‘கி’, ‘கீ’யின் கொக்கிக்கும் கீழே ‘கு’, ‘கூ’வின் வாலுக்கும் இடம் ஒதுக்கியபின் 16 புள்ளி உயரத்தில் எழுத்தின் உடலுக்கு ஏழெட்டுதான் மிஞ்சும்.

அந்த 16 என்ற எண்ணை வேண்டுமென்றே சொல்கிறேன். கடைத்தெருவில் அதிகம் விற்பனையாகும் ‘பி10’ எல்இடி தகடு 320 மில்லிமீட்டர் அகலம், 160 மில்லிமீட்டர் உயரம், 32க்கு 16 புள்ளிகள். புள்ளிக்குப் புள்ளி 10 மில்லிமீட்டர். ஒரே வரிசைத் தகடு போட்டு அதில் தமிழ் ஓட்டுவதுதான் பெரும்பாலான சிதைவுக்குக் காரணம். இரண்டு வரிசை அடுக்கினால் 32 புள்ளி உயரம் கிடைக்கும், ‘ண’ மூச்சுவிடும். இடமில்லையென்றால் ‘பி5’ தகடு: அதே அளவில் 64க்கு 32 புள்ளி.

தூரத்தையும் கணக்கில் எடுங்கள். நல்ல பார்வையுள்ள கண் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறியும். அந்தக் கணக்கில் 10 மில்லிமீட்டர் இடைவெளிப் புள்ளிகள் ஒன்றாகக் கலந்து தெரிய ஏறக்குறைய 34 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். விரைவுச்சாலை ஓரத்துக்கு அது பொருந்தும். சிராங்கூன் சாலை நடைபாதையில் போகிறவர் பலகையிலிருந்து நாலைந்து மீட்டரில்தான் இருப்பார். அவருக்கு ‘பி10’ தமிழ் வெறும் பொட்டுக் கூட்டம். அந்தத் தூரத்துக்கு ‘பி3’ அல்லது ‘பி2.5’ வேண்டும்.

இருக்கிற பலகையை மாற்ற வசதியில்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. உரையாக அனுப்பாதீர்கள், படமாக அனுப்புங்கள். அகலத்தில் 6 தகடு, உயரத்தில் 2 தகடு கொண்ட ‘பி10’ பலகை 192க்கு 32 புள்ளி. கணினியில் அதே 192க்கு 32 பிக்சலில் வெற்றுப் படம் திறந்து, தடிப்புக் குறைந்த தமிழ் எழுத்துருவில் வாசகத்தை அமைத்து, விளிம்பு மழுப்பலை (‘ஆன்டி-ஏலியசிங்’) அணைத்துவிட்டு, பிஎன்ஜி கோப்பாகச் சேமியுங்கள். ஒற்றை நிறப் பலகையில் விளக்கு எரியும் அல்லது அணையும்; பல பெட்டிகளுக்குச் சாம்பல் தெரியாது. ஆகையால் படத்தை எட்டு மடங்கு பெரிதாக்கிப் பார்த்து, அடைத்த சுழியைக் கையாலேயே ஒவ்வொரு பிக்சலாகத் திறந்துவிட வேண்டும். ஒரு வாசகத்துக்கு இருபது நிமிடம் ஆகும். கொம்புச் சிக்கலும் இதோடு தீர்ந்துவிடுகிறது, ஏனென்றால் கோக்கும் வேலையைக் கணினியே முடித்துவிட்டது. எழுத்தெழுத்தாகத் தோன்றும் அசைவை மட்டும் தமிழுக்குப் போடாதீர்கள். அது எண் எண்ணாக வெளியிடுவதால் முதலில் ‘ப’ தோன்றி, பிறகு திடீரென்று ‘பொ’வாக மாறும்.

புள்ளிக்கு வருகிறேன். ஓலையில் குத்தினால் ஏடு கிழியும் என்று பழைய சுவடி எழுதியோர் மெய்யெழுத்தின் புள்ளியை விட்டுவிட்டார்கள், படிக்கிறவர் ஊகித்துக்கொண்டார். இன்று அதே வேலையை வாட்ஸ்அப் செய்கிறது. 16 பிக்சல் எழுத்தில் புள்ளி என்பது ஒன்றிரண்டு பிக்சல். அது இரண்டு கட்டங்களின் எல்லையில் விழுந்தால் இரண்டும் வெளிறிய சாம்பலாகும். அழைப்பிதழை ஜேபெக் படமாக அனுப்பும்போது படம் 8க்கு 8 பிக்சல் சதுரங்களாக வெட்டப்பட்டு, கூர்மையான மாற்றங்கள் முதலில் கழிக்கப்படும். சாம்பல் புள்ளி அதில் போய்விடும். நான்கு குழுக்களில் படமாக மாறிமாறி அனுப்பியபின் ‘க்’ எது ‘க’ எது என்று தெரியாது. அழைப்பிதழைப் பிடிஎஃப் ஆக, எழுத்துருவை உள்ளடக்கி, ‘ஆவணம்’ என்ற வழியில் அனுப்பினால் இந்தச் சேதம் இல்லை.

தொலைக்காட்சியை அறிவிப்புப் பலகையாக்கும் இடங்களில் மங்கலுக்குக் காரணம் அநேகமாகத் தொலைக்காட்சியே. பல பெட்டிகள் படத்தைச் சில விழுக்காடு பெரிதாக்கி ஓரத்தை வெட்டிவிடும். அதனால் எந்தப் பிக்சலும் தன் இடத்தில் நிற்காது. ‘ஜஸ்ட் ஸ்கேன்’ அல்லது ‘ஸ்கிரீன் ஃபிட்’ என்று இருப்பதை இயக்குங்கள். உள்ளீட்டின் பெயரைப் ‘பிசி’ என்று மாற்றினால் பல பெட்டிகள் நிறத்தைச் சுருக்காமல் முழுதாகக் காட்டும். நீலத்தின் மேல் சிவப்பு எழுத்து கசிந்து தெரிவது அந்த நிறச் சுருக்கத்தால்தான். மடிக்கணினியின் வெளியீட்டைத் திரையின் சொந்த அளவுக்கே வையுங்கள். 1366க்கு 768ஐ 1920க்கு 1080ஆக இழுத்தால் ஒரு பிக்சல் 1.4 பிக்சலாக வேண்டும். முடியாததால் ஒரு கால் தடித்தும் மறு கால் மெலிந்தும் வரும். படவீழ்த்தியைச் சாய்வாக வைத்துவிட்டு ‘கீஸ்டோன்’ கொண்டு நிமிர்த்துவதும் இதே கேடுதான், மேசையை நகர்த்துங்கள்.

4கே வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். 55 அங்குலப் பெட்டியின் அகலம் சுமார் 1,218 மில்லிமீட்டர். சாதாரண முழு எச்டியில் ஒரு பிக்சல் 0.63 மில்லிமீட்டர். 2.2 மீட்டருக்கு அப்பால் நிற்பவர் கண்ணுக்கு அதற்கு மேல் நுணுக்கம் எட்டாது. பார்வையாளர் மூன்று மீட்டரில் இருந்தால் அந்தப் பணத்தை வெளிச்சத்துக்குச் செலவிடுங்கள். சாதாரண வீட்டுத் தொலைக்காட்சியின் வெளிச்சம், அதை அளக்கும் ‘நிட்’ கணக்கில், 250 முதல் 400 வரை. நம் ஊர்ப் பிற்பகல் வெயிலை நோக்கிய கண்ணாடிக்குப் பின்னால் அது கருந்தட்டுதான். அங்கே 2,500 நிட் திரை வேண்டும். சூடு ஏறினால் திரவப் படிகம் தன் ஒழுங்கை இழந்து கரும்படலம் படரும், ஆறியதும் திரும்பும். அடிக்கடி நேர்ந்தால் திரையின் ஆயுள் குறையும். மாறாத தலைப்பை நாள் முழுதும் காட்டும் இடத்துக்கு ஓஎல்இடி வேண்டாம், தலைப்பு தடமாகப் பதிந்துவிடும். இரவில் எல்இடி பலகையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். கூசும் ஒளி பக்கத்து இருட்டுக்குள் வழிந்து சுழியை அடைக்கும்.

1997இல் தமிழ் இணைய முன்னோடி நா. கோவிந்தசாமி முன்னின்று தமிழிணைய மாநாட்டை நடத்தியது சிங்கப்பூரில். 2000இல் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் உருவானதும் இங்கேதான். அன்று குறியீடுகளுக்காக வாதிட்டுப் பெற்றவற்றை இன்று வாங்கும் ஆணையில் ஒரு வரி சேர்க்காததால் இழக்கிறோம் என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

அந்த வரி இது. விநியோகிப்பாளரிடம் மீதிப் பணம் கொடுக்கும் முன் பலகையில் ‘திருமண மண்டபம், பொங்கல், கௌரவம், ஞாயிறு, கூட்டம், ஸ்ரீ, மின்தூக்கி’ என்று ஓடவிடச் சொல்லுங்கள். பார்வையாளர் நிற்கும் தூரத்தில் நின்று, பகல் இரண்டு மணிக்கு ஒருமுறை, இரவு எட்டு மணிக்கு ஒருமுறை படியுங்கள். ‘பொ’வும் ‘கௌ’வும் பிசகினால் கட்டுப்பாட்டுப் பெட்டியை மாற்றச் சொல்லுங்கள். ‘ண’ அடைத்தாலோ ‘கூ’வின் வால் வெட்டுப்பட்டாலோ தகட்டை மாற்றச் சொல்லுங்கள். ‘ஸ்ரீ’ கட்டமாக வந்தால் எழுத்துருவை. ‘மின்தூக்கி’யில் இரண்டு புள்ளி உண்டு, இரண்டையும் எண்ணிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்
தேக்கா, சிங்கப்பூர்